ஏறுகிற ஜீப்பா, இறங்குகிற ஜீப்பா

சந்திரவல்லிக்கு மூக்கு வரைய வராது. கண் வரும், வாய் வரும், காதுகூட ஒரு மாதிரி வந்துவிடும். மூக்கு மட்டும் கத்தரிக்காயாக வந்து நிற்கும். எதற்கு வம்பு என்று முகத்தையே வெறுமையாக விட்டுவிடுவாள். இதை இன்றைக்கு அந்தத் தோட்டத்தில் போய்ச் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள். முகம் இல்லாததற்கு அவர்கள் பெரிய காரணம் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

என் பெயர் சின்ராசு. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பு ஓட்டுகிறேன். விடியக் கருக்கலில் ஆளை அள்ளிப் போட்டுக்கொண்டு போடிமெட்டு ஏறி, செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளா பக்கம் தோட்டத்தில் இறக்குவேன். சாயங்காலம் அதே ஆட்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவேன். நடுவில் பகல் பூராவும் அங்கேயேதான் கிடை. ஆகவே இதில் பாதிக்கு மேல் நான் கண்ணால் பார்த்தது. மீதி அவள் வாயால் கேட்டது. கண் காது மூக்கு வைத்துப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

சந்திரவல்லி அந்தத் தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டதும் அதே லயத்தில், நாலு கதவு தள்ளி. புருஷன் சோலைமலை மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள், பானுப்பிரியா. லயத்துக் காற்றே பிள்ளை மேல் படக்கூடாது என்று சின்ன வயசிலேயே போடியில் ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இப்போது அது காலேஜ் படிக்கிறது. லீவுக்குக்கூட மேலே கூப்பிட மாட்டாள். இவள்தான் என் ஜீப்பில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மலையை விட்டு இறங்கிவிட வேண்டும், போடியில் மகளோடு ஒரு கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு வழியும் பிறந்தது. போடியில் ஜெஸ்ஸி என்று ஒருவர் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறார், என் ஜீப்பில்தான் அவருக்குச் சில நாள் லோடு இறங்கும். அவரிடம் சொல்லி வைத்தேன். காய் தரம் பிரிக்க ஆள் வேண்டும், கடைக்குப் பின்னால் ஒரு ரூமும் சும்மா கிடக்கிறது, வரச் சொல்லுங்கள் என்றார். மழை முடிந்ததும் இறங்குவது என்று முடிவாயிற்று. சந்திரவல்லி அன்றைக்கு எனக்குக் கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தாள், சீனி அள்ளிப் போட்டு. வாயில் வைக்க முடியவில்லை. குடித்தேன்.

அவளுக்குத் தோட்டத்தில் ஸ்டோர் வேலை. பச்சைக்காயைத் தட்டில் பரப்பி, பக்கத்து அறையில் அடுப்பு மூட்டி, அந்தச் சூட்டிலேயே காய வைக்கிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். தீ அணையவும் கூடாது, மீறவும் கூடாது. விறகைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தே இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் கண் சொருகும், கனவு வரும். என்ன கனவென்று யாரிடமும் சொல்ல மாட்டாள். அடுப்புக்கரியை எடுத்துப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்துவிடுவாள். எதற்கு என்று கேட்டேன். "நெஞ்சுல ஏறி நின்னுக்கிருதுண்ணே. வரைஞ்சாத்தான் எறங்குது" என்றாள்.

அந்த ஆடியில் மழை விடாமல் ஊற்றியது. தோட்டத்தில் அழுகல் விழுந்தது. ஏலச்செடியின் அடியில் தரையோடு தரையாகச் சரம் ஓடும், அதில்தான் காய் பிடிக்கும். சரமெல்லாம் கறுத்து, காய் கையில் எடுத்தால் கொழகொழவென்று வந்தது. இப்படியே போனால் ஆளைக் குறைக்கத்தான் வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார். லயத்தில் எல்லார் முகமும் செத்துப் போயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் கங்காணி லிங்கேஸ்வரன் ஸ்டோர் கூரையில் ஒழுக்கு பார்க்க ஏறினான். உத்தரத்து இடுக்கில் ஒரு பொட்டலம். காலண்டர் தாளை நாலாக மடித்து, வாழைநாரால் கட்டி, உள்ளே கரித்துண்டு. பிரித்துப் பார்த்தவன் அப்படியே இறங்கி வந்து வாசலில் குத்தவைத்துவிட்டான்.

நானும் போய்ப் பார்த்தேன். நல்ல பகலிலேயே பார்க்கப் பயமாக இருக்கிற படம்தான். ஒரு ஏலச்செடி, இலை இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் மனுசக் கை. அதன் சரங்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்து அடுப்பைச் சுற்றிக் கிடக்கின்றன. அடுப்புக்குள் ஒரு பொம்பளை சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு முகம் இல்லை. மேலே ஆகாயத்தில் தனியாக ஒரு கதவு. அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

தோட்டத்துக் கணக்கு எழுத மலையாளத்து ரைட்டர் ஒருத்தர் இருந்தார். தாளைக் கையால் தொடாமலே "கூடோத்ரம்" என்றார். செய்வினை. அவ்வளவுதான், காட்டுத்தீயாகப் பரவியது. கை என்றால் கை அழுகும் என்று ஒருத்தி சொன்னாள். முகம் இல்லாதது செத்தவள் என்றாள் இன்னொருத்தி. கதவு சுடுகாட்டுக் கதவாம். சரம் அடுப்பைச் சுற்றுவது தோட்டமே எரிந்து போகும் என்பதாம். மழையில் நனைந்துகொண்டே ஆளுக்கொரு அர்த்தம் பண்ணினார்கள். நான் மட்டும் என்ன யோக்கியன்? தாழ்ப்பாள் வெளியே இருப்பதைப் பார்த்ததும் இது அடைபட்டவள் போட்ட படம் என்று நானும் மனசுக்குள் ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

யார் வேலை என்று விசாரிக்கவே தேவையில்லை. சந்திரவல்லி தானே வந்து, அது என் தாள்தான் என்றாள். வீட்டுக்கூரை ஒழுகியதால் நனையாமல் இருக்க அங்கே செருகி வைத்தேன், கரி உதிராமல் இருக்க நாரால் கட்டினேன், கனவு கண்டேன், வரைந்தேன் என்றாள். உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஒருத்தரும் நம்பவில்லை. சரி, கனவென்றே வைத்துக்கொள், அதற்கு அர்த்தம் என்ன என்றார்கள். தெரியாது என்றாள். தெரியாமல் யாராவது வரைவார்களா என்று கேட்டார்கள். அதற்கு அவள் என்னத்தைச் சொல்வாள்? நேற்று இன்ன கனவு ஏன் வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியுமா, உங்களுக்குத்தான் தெரியுமா?

லிங்கேஸ்வரன் கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவனிடம் மாட்டுவது கெட்டவனிடம் மாட்டுவதைவிட மோசம். மந்திரவாதி ஒருத்தரைக் கூட்டி வந்து இதைத் திருப்பிவிடப் போவதாகச் சொன்னான். திருப்பினால் வைத்தவர்கள் குடும்பத்தைச் சுற்றும், பெத்த பிள்ளை வரைக்கும் விடாது என்றான். அதைக் கேட்டதும் சந்திரவல்லிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. லயத்தில் பிறந்தவள்தானே, அந்த நம்பிக்கை அவளுக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

"அது வெனை இல்ல. அம்மா சொல்லித்தான் வரைஞ்சேன்" என்றாள்.

எந்த அம்மா என்றார்கள். அடுப்புக்குள்ள இருக்கிற அம்மா என்றாள். பிறகு வாய் தானாக ஓடியது. இத்தனை வருசம் இந்தத் தீயில் காய் காய வைத்துப் பிழைக்கிறீர்கள், எனக்கு ஒரு விளக்கு வைத்தீர்களா என்று அம்மா கேட்கிறாள். அந்தக் கை எல்லாம் உங்கள் கைதான், கும்பிடச் சொல்கிறாள். கதவு அவள் வந்து போகிற வழி. நின்ற நிலையில் அத்தனைக்கும் அர்த்தம் சொல்லி முடித்தாள். முகம் ஏன் இல்லை என்று ரைட்டர் கேட்டார். கும்பிட்டால்தான் முகம் காட்டுவாள் என்றாள். ரைட்டரே செருப்பைக் கழற்றிவிட்டார்.

அதுவரை 'ஏ சந்திரா' என்று கூப்பிட்ட லிங்கேஸ்வரன் 'தாயி' என்றான்.

அடுப்புக்குப் பக்கத்தில் கல் நட்டார்கள், மஞ்சள் துணி சுற்றினார்கள், பொங்கல் வைத்தார்கள். ஸ்டோரம்மா என்று பெயரும் வைத்தாயிற்று. நல்ல பெயர்தான், ரேசன் கடையம்மா, செக்போஸ்ட்டம்மா என்று இனி வரிசையாக வரலாம். பத்துப் பதினைந்து நாளில் மழை வெறித்தது, அழுகலும் நின்றது. முதலாளி ஆள் வைத்துத் தோட்டம் பூராவும் துரிசும் சுண்ணாம்பும் கலந்து மருந்து அடித்தாரே, அது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. முதலாளியும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. கல்லுக்கு மேலே போடத் தகரம் கொடுத்தார். சாமி இருக்கிற தோட்டத்தில் ஆள் நிலைத்து நிற்கும் என்பது அவர் கணக்கு.

சந்திரவல்லியை விறகு தூக்க விடவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டு உட்கார வைத்தார்கள். காய் எடுக்கப் போகிற பொம்பளைகள் அவள் காலைத் தொட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், மாட்டுக்கு மடிவீக்கம், ஒருத்தி மகளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை, எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் கேட்டார்கள். சாமி ஆடி அருள் சொல்வதெல்லாம் கிடையாது. மெதுவாக, சரியாயிரும் என்பாள். அது ஒன்றே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. சமையல்கூட அவள் செய்ய வேண்டாம், முறை வைத்துச் சோறு வந்தது. "காலு மரத்துப் போகுதுண்ணே" என்று என்னிடம் சொன்னாள்.

மழை முடிந்தது. ஜெஸ்ஸி இரண்டு முறை கேட்டு அனுப்பிவிட்டார். சந்திரவல்லி லிங்கேஸ்வரனிடம் விசயத்தைச் சொன்னாள். அவன் மறுக்கவில்லை, கோபப்படவில்லை. கண்ணில் தண்ணீர் விட்டுவிட்டான். உங்களைப் போகாதீர்கள் என்று சொல்ல நான் யார், அம்மாவிடம் கேட்போம், அம்மா உத்தரவு கொடுத்தால் நானே பையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றான். பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, இரண்டையும் ஒரே மாதிரி ஏல இலையில் மடித்துக் கல்லுக்கு முன்னால் போட்டார்கள். வெள்ளை வந்தால் போகலாம். ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னார்கள். பிரித்தால் சிவப்பு.

பொம்பளைகள் குலவை போட்டார்கள். சந்திரவல்லி அந்த அரளிப்பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் ஜீப்புக்குப் பின்னால் வந்து, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நாஞ் சொன்ன பொய்யிண்ணே அது. பொய்க்கு எப்பிடிண்ணே செகப்பு வருது?"

ரெண்டில் ஒன்று வரத்தானே செய்யும், இதில் என்ன இருக்கிறது என்றேன். அவள் முகம் தெளியவில்லை. பேசாமல் ஏறி உட்கார், இப்போதே இறக்கிவிடுகிறேன் என்றும் சொன்னேன். அடுத்த மழையில் ஒரு காய் அழுகினாலும் என் மேல்தான் வரும், என்னைத் தேடிப் போடிக்கு வருவார்கள், மகள் பெயரும் சேர்ந்து இழுபடும் என்றாள். அவள் சொன்னது சரி என்பதால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது. கும்பிடுகிறவர்களை என்ன செய்ய முடியும்? அடிக்கிறவன் என்றால் போலீசுக்குப் போகலாம். காலில் விழுகிறவனைப் பற்றி எந்த ஸ்டேசனில் போய்ப் புகார் கொடுப்பது?

ஒரு வாரம் யோசித்திருப்பாள் போல. படத்தால் மாட்டினோம், படத்தாலேயே வெளியே வருவோம் என்று முடிவு பண்ணினாள். என்னிடம் போடியிலிருந்து சார்ட் பேப்பரும் ஸ்கெட்சும் வாங்கி வரச் சொன்னாள். இந்த முறை கனவெல்லாம் இல்லை. யாரும் வேறு அர்த்தமே பண்ண முடியாதபடி வரைய வேண்டும், கைச்செடி வேண்டாம், ஆகாயக் கதவு வேண்டாம், பார்த்ததும் விளங்க வேண்டும் என்றாள். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

வரைந்தும் காட்டினாள். மேலே மலை, ஏலத்தோட்டம், ஸ்டோர். கீழே போடி. வீடுகள், பஸ்ஸ்டாண்டு, மதுரை ரயில்கூட இருந்தது. நடுவில் போடிமெட்டு ரோடு, வளைந்து வளைந்து. ரோட்டில் ஒரு ஜீப்பு. முன்சீட்டில் ஒரு பொம்பளை, மடியில் பை. அம்மா உத்தரவு கொடுத்துவிட்டாள், இவள் இறங்கிப் போகிறாள். இதில் குழம்ப என்ன இருக்கிறது?

இருந்தது. அதை அவளும் பார்க்கவில்லை, தினமும் அந்த ரோட்டில் போய்வருகிற நானும் பார்க்கவில்லை. ஜீப்பு நிற்கிற இடத்தில் ரோட்டைச் சரிவாகப் போடாமல் படுக்கைக் கோடாகப் போட்டு, இரண்டு முனையிலும் வளைத்துவிட்டிருந்தாள். ஜீப்பு நடு ரோட்டில் இடது பக்கம் பார்த்து நின்றது. அந்த இடது பக்க வளைவு மலைக்கு ஏறுகிறதா, போடிக்கு இறங்குகிறதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

கல்லுக்கு முன்னால் படத்தை விரித்ததும் எல்லாரும் குனிந்தார்கள். சந்திரவல்லி வாயைத் திறக்குமுன் லிங்கேஸ்வரன் மெய்சிலிர்த்துப் போய், ஜீப்பு ஏறி வருகிறது என்றான். பொம்பளைகளும் அதையே சொன்னார்கள். இல்லை, இறங்குகிறது என்றாள் அவள். அவன் பணிவாக மறுத்தான். அம்மா உங்கள் கையை வைத்துத்தான் வரைகிறாள் தாயி, அது வரைந்த கைக்கே தெரியாது என்றான். ஒரு தரம் அவள்தானே அப்படிச் சொன்னாள், அம்மா சொல்லித்தான் வரைந்தேன் என்று. இப்போது எந்த வாயால் மறுப்பாள்?

கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். "மாப்ளே, நீதான் அந்த ரோட்டுல ஓட்டுறவன். ஏறுதா, எறங்குதா?" என்று லிங்கேஸ்வரன் கேட்டான். இறங்குகிறது என்று அடித்துச் சொன்னேன். அவன் சிரித்தான். உனக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற நினைப்பு, எல்லா ஜீப்பும் இறங்குகிற மாதிரித்தான் தெரியும் என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

ஏறி வருகிறது என்றால் யார் வருவது? முகம் இல்லை. பை வைத்திருக்கிறாள். போடியிலிருந்து வருகிறாள். யோசிக்க அவர்களுக்கு நேரமே ஆகவில்லை. தாயிக்குப் பிறகு கல்லைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் அல்லவா, பானுப்பிரியாதான் என்றார்கள். யாரோ படத்தைப் போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் பிள்ளைக்கு அனுப்பிவிட்டார்கள், 'உன் அம்மா உன்னை நினைச்சு வரைஞ்சது' என்று எழுதி. சந்திரவல்லியிடம் போன் கிடையாது. இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

ரெண்டு நாள் கழித்துக் காலையில் ஜீப்பு ஸ்டாண்டில் பானுப்பிரியா பையோடு நிற்கிறது. எங்கே கிளம்பிவிட்டாய் என்றேன். அம்மா கூப்பிடுகிறது என்று போனைக் காட்டியது. அது இறங்குகிற ஜீப்பு, உன் அம்மா உன்கிட்ட வருவதற்காக வரைந்தது, நீ பேசாமல் காலேஜுக்குப் போ என்றேன். பிள்ளை என்னை நேராகப் பார்த்தது.

"எறங்குற ஜீப்புன்னா அம்மா ஏன் மாமா இன்னும் வரல?"

மழை முடிந்தால் வருவேன் என்று சொன்ன அம்மா வரவில்லை, பார்க்கவும் வரவில்லை. பிள்ளை அந்தப் படத்தில் தன்னைத்தான் பார்த்தது. அதையும் குற்றம் சொல்ல முடியாது. நான் ஏற்றாவிட்டால் அடுத்த ஜீப்பில் ஏறியிருக்கும். ஏற்றினேன். மெட்டு ஏறுகிற வரைக்கும் யாரையாவது நாலு வார்த்தை திட்ட வேண்டும் போல இருந்தது, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கியரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

தோட்டத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். குலவை காதைப் பிளந்தது. லிங்கேஸ்வரன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்து கதவைத் திறந்துவிட்டான். சத்தம் கேட்டு சந்திரவல்லி ஸ்டோரிலிருந்து வெளியே வந்தாள். மகளைப் பார்த்தாள். ஆரத்தியைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் இன்னொரு தரம் பார்க்க வேண்டாம்.

பிள்ளை ஒரு காலை வெளியே நீட்டியது. "காலக் கீழ வைக்காத" என்று ஒரு சத்தம். யார் சத்தம் என்று எல்லாரும் திரும்பினோம். சந்திரவல்லி கொண்டையை அவிழ்த்துவிட்டு வந்தாள். அதுவரை ஒரு நாளும் ஆடியதில்லை, அன்றைக்கு ஆடினாள். நடிப்பா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. உடம்பு நிஜமாகவே நடுங்கியது. லிங்கேஸ்வரனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"எறங்குற ஜீப்புடா அது. கண்ணில்லையா ஒங்களுக்கு. அதுல ஒக்காந்துருக்கவ இவ. இவ எறங்கிப் போகணும். இவ காலு இந்த மண்ணுல என்னைக்கும் படக்கூடாது. பட்டா நான் இங்க இருக்க மாட்டேன்."

அவன் ஆரத்தித் தட்டு கவிழ்ந்து கிடக்க, மண்ணில் விழுந்து கும்பிட்டான். படுத்த வாக்கிலேயே கேட்டான்.

"அப்ப நீ எங்க இருப்ப தாயி?"

ஆட்டம் சட்டென்று நின்றது. அவள் மகளைப் பார்த்தாள், பிறகு ஸ்டோரைப் பார்த்தாள்.

"இங்கதான். அடுப்படியிலதான் இருப்பேன்" என்றாள்.

குலவை மறுபடியும் கிளம்பியது. பானுப்பிரியா அழுதுகொண்டே அம்மா அம்மா என்றது. சாமி பிள்ளையைக் கட்டிப்பிடிக்கக் கூடாதே. அவள் கட்டிப்பிடிக்கவில்லை. விபூதித் தட்டை வாங்கி மகள் நெற்றியில் பூசினாள். கட்டை விரலை எடுக்க மனசில்லாமல் ரொம்ப நேரம் அங்கேயே வைத்திருந்தாள். பிறகு நீட்டியிருந்த காலைத் தானே பிடித்து உள்ளே வைத்து, கதவைச் சாத்தினாள். நான் ஜீப்பைத் திருப்பினேன். விபூதி கொடுக்க வருகிறவள் போல என் பக்கம் வந்து, ஜன்னலில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"வெரசா எறக்குண்ணே. இன்னுஞ் செத்த நேரம் நின்னா நானும் ஏறிருவேன்."